எட்டுச் சுற்று ஓடிய ஒஸ்ரின்

காலை 6.10, வோபர்ன்.

புறப்படும்போதே யோசப் அண்ணை ஒரு சட்டம் போட்டார். வழியில் எவனாவது காரைப் பார்த்துச் சிரித்தால் நாங்கள் பதிலுக்குச் சிரிக்கக் கூடாது; ஹோர்ன் அடிக்க வேண்டும்.

"சிரிச்சா, மன்னிப்புக் கேக்கிற மாதிரி இருக்கும். ஹோர்ன் எண்டா, விலத்து எண்டு அர்த்தம்" என்றார்.

பின்சீற்றில் சோற்றுப் பார்சல்களுக்கு நடுவே இருந்த அவர் மனைவி றீற்றா அக்கா, "முதல்லை இது வெளியிலை வரட்டும். பிறகு ஊதுங்கோ" என்றார்.

இது 1996 செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை. இடம், கனடாவின் வோபர்ன் பகுதியில், மார்க்கம் றோட்டில் நாங்கள் குடியிருக்கும் பதினான்கு மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ்க் கார் தரிப்பிடம். அக்கா 'இது' என்று சொன்னது 1952ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40. சாம்பல் நிறம், உருண்ட முதுகு, யோசனையில் இருப்பவர் போன்ற முகம். யோசப் அண்ணை யாழ்ப்பாணம்–பருத்தித்துறைப் பாதையில் இருபத்திரண்டு வருடம் இதே வகைக் காரை வாடகைக்கு ஓட்டியவர். பெற்றோல் இல்லாத காலத்தில், நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எழுப்பி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டினவர். 1993இல் கனடா வந்தார். இப்போது பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை. வந்த வருடமே ஸ்ரௌவ்வில் பக்கத்து விவசாயி ஒருவரின் வைக்கோல் கொட்டிலில் இந்தக் காரைக் கண்டு, அறுநூறு டொலருக்கு வாங்கி, இழுத்துக்கொண்டு வந்து, மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் திருத்திக்கொண்டிருந்தார். அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற கௌரவப் பதவி எனக்கு.

பயணத்தின் காரணம் அவருடைய தரிப்பிடத் தூணில் ஒட்டியிருந்தது. கட்டடப் பொறுப்பாளர் கையெழுத்திட்ட நிர்வாகக் கடிதம். 'ஓடாத வாகனத்தை இங்கே வைத்திருக்க முடியாது. மாத முடிவுக்குள் அகற்றாவிட்டால் இழுத்துச் சென்று பழைய இரும்புக்குப் போடப்படும்.' அண்ணை புதிதாக எடுத்த இலக்கத்தகட்டைக் காட்டினார். கட்டடப் பொறுப்பாளர், "தகட்டைக் குளிர்பெட்டிக்கும் பூட்டலாம்" என்றார். அண்ணை எஞ்சினை எழுப்பிப் பத்து அடி பின்னே விட்டுக் காட்டினார். "பத்து அடி ஓட்டமில்லை. விசயம் தெரிஞ்ச யாராவது கையெழுத்து வைத்த கடதாசி கொண்டுவா, பார்க்கலாம்" என்று அந்த ஆள் பகிடியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பகிடியைப் பகிடியாக விடுகிற ஆளா அண்ணை? வடகிழக்கே, எழுபத்துநாலு கிலோமீற்றர் தூரத்தில் ஒரு கார்ப் பந்தயத்திடல். அங்கே பழைய கார்களுக்கு ஒரு விழா. நாற்பது டொலர் கட்டினால் எட்டுச் சுற்று ஓடலாம். ஓடி முடிக்கிறவர்கள் எல்லோருக்கும் தலைமை நடுவர் கையெழுத்திட்ட ஒரு சான்றிதழ். ஒரு இரும்புக்கடைக் கண்ணாடியில் இந்த அறிவித்தலைப் பார்த்த அன்றே அண்ணை பணம் கட்டிவிட்டார்.

கார் மூன்று தரம் இருமி, நாலாந்தரம் பேசியது. சரிவுப் பாதையில் ஏறி வெளிச்சத்துக்கு வந்தோம்.

காலை 7.20, ஸ்ரௌவ்வில்.

பெருந்தெருவில் ஏறவில்லை, அங்கே நூறில் பறக்கிறார்கள். மார்க்கம் றோட்டையே பிடித்து நேரே வடக்கே போனோம். ஐம்பதைத் தாண்டினால் கதவுகள் கதைக்கத் தொடங்கும் என்பதால் நாற்பத்தெட்டிலே நிறுத்திக்கொண்டார் அண்ணை. பின்னால் ஒன்பது கார் வரிசை. முந்திப் போனவர்களில் சிலர் கைகாட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஹோர்ன்.

ஸ்ரௌவ்வில்லில் பெற்றோல் அடித்தோம். லீற்றர் 57.9 சதம். பம்படியில் நின்ற பொடியன், "இது ஓடுமா?" என்று கேட்டான். அண்ணை என்னைப் பார்த்தார்.

"பின்னை தலையிலை வைச்சோ கொண்டு வந்தனாங்கள்? உவனுக்குச் சொல்லு."

நான் அதைக் கொஞ்சம் மரியாதையாக மொழிபெயர்த்தேன். ஊரைத் தாண்டும்போது ஒரு சோள வயலின் நடுவில் புதுவீடுகள் விற்பனைக்கு என்று பெரிய பலகை நட்டிருந்தது. அக்கா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "இவ்வளவு தூரத்திலை, பஸ்ஸும் இல்லாமல், ஆர் வந்து இருக்கப்போயினம்? மாடுதான் வாங்கும்."

அக்கா சொல்கிறவற்றை நான் ஒரு கொப்பியில் எழுதி வைப்பதுண்டு. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாம் வகுப்பு வரைக்கும். மிச்சமெல்லாம் இப்படிப் பின்சீற்றிலிருந்து வந்ததுதான்.

காலை 8.50, பந்தயத்திடல்.

போகாதவர்களுக்குச் சொல்கிறேன். பந்தயத்திடல் என்றதும் தட்டையான மைதானம் என்று நினைத்துக்கொண்டு போனேன். இது மேடும் பள்ளமுமான புல்வெளியில் ஒரு கறுத்த நாடாவை எறிந்துவிட்ட மாதிரி. ஒரு சுற்று மூன்று கிலோமீற்றர். ஏறும், விழும், ஒரு பைன்மரக் கூட்டத்துக்குள் மறையும், மறுபக்கத்தால் வரும். பார்க்க வருகிறவர்களுக்கு நுழைவு பன்னிரண்டு டொலர். கார்கள் நிற்கும் முற்றத்தில் அறுபது எழுபது வாகனங்கள். வாசனையை எப்படிச் சொல்ல? பந்தய எஞ்சின்களுக்கு விடுகிற ஆமணக்கெண்ணெயும் பெற்றோலும் வெட்டிய புல்லும் கலந்த ஒரு மணம். அண்ணை கண்ணை மூடி இழுத்தார். கோயில் வாசலிலும் அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

எங்களுக்கு அடுத்த இடத்தில் கூரையில்லாத ஒரு சிவப்புப் பந்தயக் கார். அதன் சொந்தக்காரர் தொப்பி வைத்த, எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர். மான்தோலால் சில்லுக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் காரைச் சுற்றி வந்து பார்த்து, "பழைய நிலைக்குக் கொண்டுவர எத்தனை வருடம் எடுத்தது?" என்றார்.

நான் கேள்வியைச் சொன்னதும் அண்ணைக்குப் பிடிக்கவில்லை. "பழைய நிலையோ? நான் பழைய நிலைக்குக் கொண்டு வரேல்லை எண்டு சொல்லு. நான் திருத்தினனான். பழுதாப் போனது, திருத்தினனான், ஓடுது. இவர் என்ன, காரைப் படுக்கவைச்சு நோயாளியைத் துடைக்கிற மாதிரித் துடைக்கிறார்?"

நான் கடைசி வசனத்தை விட்டுவிட்டு மொழிபெயர்த்தேன். தொப்பிக்காரர், "உண்மைதான், இரண்டும் ஒன்றில்லை" என்றார். பிறகு தன் சில்லுத் துடைப்பைத் தொடர்ந்தார்.

காலை 9.40.

பரிசோதகர் ஒருவர் வந்து பிரேக்கை மிதித்தார், சில்லை ஆட்டினார், பற்றரி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார், கீழே படுத்துப் பெற்றோல் ஒழுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவினார். எழும்பி முன்கண்ணாடியில் மஞ்சள் வட்டம் ஒன்றை ஒட்டினார். போகலாம் என்று அர்த்தம். அண்ணை அந்த வட்டத்தைத் தொட்டுப் பார்த்தார்.

இந்த ஓட்டத்தில் வேகமாகப் போகிறவன் வெல்வதில்லை. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் எடுப்பேன் என்று முதலிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். எட்டுச் சுற்றையும் அந்த நேரத்துக்கே ஓட வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் புள்ளி வெட்டு. சிவப்புக் கார்க்காரர் இரண்டரை நிமிடம் என்று எழுதினார். அண்ணை நாலு நிமிடம் என்று எழுதினார். பக்கத்தில் நின்ற ஒருவர், "இடையிலே இறங்கித் தேநீர் குடிப்பீர்களோ?" என்றார். அண்ணை கையை உள்ளே விட்டு ஹோர்னை அடித்தார்.

காலை 11.35. இந்தப் பகுதியை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

புது ஓட்டம் தொடங்குகிற வாகனத்துக்குச் செய்ய வேண்டியது எங்களுக்குத் தெரியும் அல்லவா? அண்ணை கத்தோலிக்கர். வேளாங்கண்ணித் தீர்த்தத்தைப் போத்தலிலிருந்து எடுத்துத் தெளித்து, சிலுவை போட்டார். நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்தார். "தேசிக்காய் ரெண்டு பக்கத்துக்கும் பொது" என்றார். சைவப் பக்கத்தை யார் பார்ப்பது? நான்தான். சட்டைப் பையில் கற்பூரப் பெட்டி கொண்டுவந்திருந்தேன். பரிசோதனைக்குத் திறந்த எஞ்சின் மூடி இன்னும் திறந்தபடி இருந்தது. காபரேற்றரின் காற்றுவடியைத் தூசு தட்டக் கழற்றி அண்ணை கையில் வைத்திருந்தார். நான் முன்பம்பருக்கு முன்னால் வெற்றிலையில் இரண்டு கட்டிக் கற்பூரம் வைத்து, நெருப்புக்குச்சியைத் தட்டினேன்.

எட்டு அடி தள்ளி ஒரு பெற்றோல் பீப்பாய் நின்றதை நான் பார்க்கவில்லை.

ஒரு விசில். பிறகு நாலு விசில். செம்மஞ்சள் மேலங்கி போட்ட இரண்டு பேர் தீயணைக்கிற மா அடைத்த உருளைகளோடு ஓடி வந்தார்கள். 'புஸ்' என்று ஒரு சத்தம். ஒரு கணத்தில் கற்பூரம், வெற்றிலை, தேசிக்காய், எஞ்சின், நான், எல்லாமே வெள்ளை. மாவுச் சட்டிக்குள் விழுந்த மாதிரி நின்றேன்.

தலைமை நடுவர் வந்தார். நீலக் கோட்டு, கையில் அட்டை, வாயில் புகையிலைச் சுங்கான். ஒரே வசனம்தான் சொன்னார்: முற்றத்துக்குள் நெருப்பு மூட்டியதற்காக இந்தக் கார் இன்றைய ஓட்டத்திலிருந்து விலக்கப்படுகிறது. அட்டையில் எங்கள் பெயருக்கு மேலே கோடு இழுக்கப் பேனையைத் திறந்தார்.

அண்ணை மஞ்சள் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு நிலம் பிளந்து என்னை எடுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. எழுபத்துநாலு கிலோமீற்றர், மூன்று வருடம், ஒரு கடதாசி. இரண்டு கட்டிக் கற்பூரத்தில் எல்லாம் போய்விட்டது.

றீற்றா அக்கா காரிலிருந்து இறங்கினார். கையில் விதிமுறைத் தாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்துக்கொண்டே மூன்று குளிர்காலம் இரவு வகுப்புக்குப் போய் ஆங்கிலம் படித்தவர் அவர். அதை வீணாக விடமாட்டார்.

"இஞ்சேருங்கோ, தள்ளுங்கோ" என்று அண்ணையை விலக்கிவிட்டு நடுவருக்கு முன்னால் போய் நின்றார். ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துக் கேட்டார்.

"சேர், ஏழாம் விதி. முற்றத்தில் நெருப்புக் கூடாது, புகைக்கவும் கூடாது. சரியா?"

"சரி."

"சேர், உங்களுடைய வாயிலும் நெருப்பு இருக்கிறது."

சுற்றி நின்ற இருபது பேரும் நடுவரின் வாயைப் பார்த்தார்கள். சுங்கானிலிருந்து ஒரு சின்னப் புகை எழும்பி, என்ன செய்வது என்று தெரியாமல் வளைந்தது. நடுவர் அதை வாயிலிருந்து எடுத்து, முதல்தரம் காண்பவர் போலப் பார்த்தார். முதலில் சிரித்தது சிவப்புக் கார்க்காரர்தான். பிறகு எல்லோரும்.

அக்கா சிரிக்கவில்லை. எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "உந்தாளின்ரை வாயிலை எரியிறது மட்டும் சாம்பிராணியோ?"

நடுவர் பேனையை மூடினார். தீர்ப்பு இதுதான்: கார் ஓடலாம், ஆனால் கடைசி ஆளாகத்தான் புறப்பட வேண்டும். நெருப்பு மூட்டிய ஆள் முற்றத்தில் நிற்கக் கூடாது. வேலிக்கு அப்பால் பார்வையாளர் புல்மேட்டுக்குப் போக வேண்டும். நடுவர் திரும்பிப் போகும்போது அவருடைய சுங்கான் கோட்டுப் பைக்குள் இருந்தது.

"போ சிவம். போய்ப் புல்லிலை இரு. எதையும் கொளுத்தாதை" என்றார் அண்ணை.

நண்பகல் 12.00, புல்மேடு.

ஏற்றமான ஒரு வளைவுக்கு எதிரே இடம் கிடைத்தது. பத்தொன்பது கார்கள் போயின. நிறைய இடைவெளி. பிறகு இருபதாவதாக எங்கள் ஒஸ்ரின். கழுவ நேரம் கிடைக்கவில்லை. வெள்ளை மாவோடே வந்தது. இரவல் வாங்கிய சிவப்பு ஹெல்மெற் அண்ணையின் தலையில் ஒரு சுற்றுப் பெரிது. இரண்டு கையும் ஸ்ரியறிங்கில், முதுகு நேராக. பின்னால் நாலு சவாரிக்காரர் இருப்பது போன்ற ஓட்டம்.

பக்கத்தில் பாய் விரித்து இருந்த குடும்பம் சிரித்தது. எனக்கு ஹோர்ன் இல்லை. எழும்பி நின்றேன், அவ்வளவுதான்.

என் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். முதற் சுற்று நாலு நிமிடம். இரண்டாவது நாலு நிமிடம். மூன்றாவதில் சிவப்புக் கார் அண்ணையைக் குத்துகிற மாதிரி முந்திப் போனது. அண்ணையின் கால் அசையவில்லை. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. நாலு போத்தல் மண்ணெண்ணெயில் பருத்தித்துறைக்குப் போய்ச் சேர்ந்த கால் அது. ஆறாவது சுற்றில் பாய்க் குடும்பம் சிரிப்பதை விட்டுவிட்டுத் தாங்களும் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கியது. அதற்குள் மற்ற எல்லோரும் எட்டையும் முடித்து உள்ளே போய்விட்டார்கள். பாதையில் எங்கள் கார் மட்டும்.

12.26. ஏழாவது சுற்று. சரியாக எனக்கு எதிரே, ஏற்றத்தில், எஞ்சின் இருமியது. இன்னொரு தரம் இருமியது. அண்ணை உருளவிட்டுப் புல்லோரத்தில் ஒதுக்கினார். நின்றுபோனது.

எனக்கு உடனே விளங்கியது. திறந்திருந்த காபரேற்றருக்குள் போன தீயணைப்பு மா. என்னுடைய மா.

வேலிக் கம்பியைப் பிடித்துக் கத்தினேன். "அண்ணை, நான் வரட்டோ?"

"வந்தியெண்டா கொண்டுபோடுவன்! வேறை ஆள் தொட்டா விலக்கிப்போடுவாங்கள். அங்கையே நில்!"

மஞ்சள் கொடியோடு ஒரு பாதைக் காவலர் வந்தார். இழுவை வண்டியைக் கூப்பிடவா என்று சைகை காட்டினார்.

"நோ ரோ" என்றார் அண்ணை, இழுவை வேண்டாம் என்று. "நோ ரோ. மை கார் றன்னிங்."

ஓடாமல் நிற்கிற காருக்கு முன்னால் நின்று அப்படிச் சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும். காவலர் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

அண்ணை சட்டைப் பையிலிருந்து ஒரு ஸ்பானரும் ஒரு திருப்புளியும் எடுத்தார். காபரேற்றரின் கிண்ணத்தைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். பெற்றோல் வருகிற சின்னப் பித்தளைக் குழலைக் கழற்றி, வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார். அடைப்பு. வாயில் வைத்து உறிஞ்சித் துப்பினார். மறுபடி பார்த்தார். மறுபடி உறிஞ்சித் துப்பினார். பாய்க் குடும்பத்து அம்மா, "அவர் அதைக் குடிக்கிறாரா?" என்று என்னிடம் கேட்டார். மண்ணெண்ணெய்க் காலத்தில் தினமும் காலையில் செய்த வேலை என்று நான் எப்படி விளக்குவது? "ருசி பார்க்கிறார்" என்றேன்.

12.44. பூட்டிவிட்டார். சாவியைத் திருப்பினார், பற்றரி முனகியது, படுத்தது. அண்ணை பின்னால் போய், எஞ்சினைக் கையால் சுற்றி எழுப்புகிற கம்பியை எடுத்து வந்து முன்னால் செருகினார். ஐம்பத்தெட்டு வயது. ஒரு சுற்று. இல்லை. இரண்டு. இல்லை. ஹெல்மெற் கண்ணில் இறங்கியது, தள்ளிவிட்டுக்கொண்டார். ஐந்து. ஆறு. ஒவ்வொரு சுற்றுக்கும் என்னுடைய கையும் வேலிக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அதே நேரம் முடிவுக்கோட்டில் நடந்ததை நான் தூரத்தில் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்பதை அக்கா பிறகு சொன்னார். கட்டம் போட்ட கொடிக்காரர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடப் புறப்பட்டிருக்கிறார். அக்கா குறுக்கே போய் நின்றிருக்கிறார்.

"எங்கே போகிறீர்கள்?"

"எல்லோரும் முடித்துவிட்டார்கள், அம்மா."

"இல்லை. ஒரு கார் உள்ளே நிற்கிறது. பன்னிரண்டாம் விதி. ஓடி முடிக்க ஒரு மணித்தியாலம். இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. பசிக்கிறதென்றால் இந்தாருங்கள்." ஒரு சோற்றுப் பார்சலை அவர் கையில் கொடுத்துவிட்டாராம்.

12.50. பதினோராவது சுற்றலில் ஒஸ்ரின் ஒரு வெள்ளைப் புகையைக் கக்கியது, குலுங்கியது, பேசியது. பாய்க் குடும்பம் எழுந்து நின்று கத்தியது. பாதைக் காவலர் மஞ்சள் கொடியைத் தலைக்கு மேலே சுழற்றினார். அண்ணை நிமிர்ந்து என் பக்கம் பார்த்தார். கம்பியை உள்ளே எறிந்தார், ஏறினார், போனார். அவசரப்படவில்லை. அந்த மனுசன் அப்போதும் நாலு நிமிடக் கணக்கிலேயே ஓட்டினார்.

12.56க்கு எட்டாவது சுற்றையும் முடித்து அவர் முடிவுக்கோட்டைக் கடந்தபோது, கொடிக்காரர் இடது கையில் சோற்றுப் பார்சலோடு வலது கையால் கொடியை வீசினார். ஹோர்ன் சத்தம் புல்மேடு வரைக்கும் கேட்டது. இந்தத் தரம் ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணைதான் தன்பாட்டுக்கு அடித்தார்.

பிற்பகல் 1.30.

நடுவர் சான்றிதழில் கையெழுத்து வைத்தார். '1952 ஒஸ்ரின் ஏ40. எட்டுச் சுற்றுகள் ஓடி முடித்தது. இருபதாவது இடம்.' பிறகு நேரத்தாளைக் காட்டினார். முதல் ஆறு சுற்றில் ஒன்றிலும் இரண்டு விநாடிக்கு மேல் வித்தியாசமில்லை. நின்றிருக்காவிட்டால் முதலாவதாக வந்திருப்பார் என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணை கடதாசியை மட்டும் பார்த்தார். "முதலாவது ஆருக்கு வேணும்? இதிலை 'ஓடி முடித்தது' எண்டு போட்டிருக்கோ இல்லையோ, அதைச் சொல்லு."

போட்டிருந்தது.

மாலை 4.00.

திரும்பி வரும்போது ஒரு யோசனை. நாங்கள் மூன்று பேரும் ஊரை விட்டு ஓடிய ஓட்டங்களெல்லாம் ஒருவழி ஓட்டங்கள். போன பாதையால் திரும்பி வந்ததில்லை. இந்தப் பந்தயத்திடலில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்: புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்ததற்குக் கொடி வீசுகிறார்கள், கைதட்டுகிறார்கள், எழுதியும் தருகிறார்கள். இதைச் சொன்னேன். "அப்ப நாங்கள் ஒருக்கா முடிச்சிருக்கிறம்" என்றார் அண்ணை.

மாலை 6.15, வோபர்ன்.

மூன்று வருடமாக அந்தக் கார் தரிப்பிடத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றது. இழுத்து வந்து தள்ளிவிட்டபடியே. அன்றைக்கு அண்ணை பின்பக்கமாக ஏற்றி, முகம் பாதையைப் பார்க்க நிறுத்தினார். அக்கா பார்சலில் மிஞ்சிய சோற்றில் கொஞ்சம் எடுத்து விரலால் மசித்து, சான்றிதழின் பின்புறம் பூசி, தூணில் இருந்த கடிதத்தின் மேலேயே ஒட்டினார். 'ஓடாத வாகனம்' மறைந்துபோனது. பொறுப்பாளரின் கையெழுத்து மட்டும் கீழே தெரிந்தது. நடுவரோடு சேர்ந்து அவரும் கையெழுத்து வைத்த மாதிரி இருந்தது.

செய்த குற்றத்துக்குப் பரிகாரமாக நான் போய் வாளியில் தண்ணீரும் துணியும் கொண்டு வந்தேன். எஞ்சின் மூடியில் அந்த வெள்ளை மா இன்னும் அப்பியிருந்தது. கண்ணாடியில் மஞ்சள் வட்டம், சில்லில் நசிந்த தேசிக்காய்த் தோல். துணியை நனைத்தேன்.

"வையடா வாளியை" என்றார் அண்ணை. "திங்கக்கிழமை பொறுப்பாளர் வந்து பாக்கட்டும். அதுக்குப் பிறகு கழுவலாம்."